முகத்தம் அனுப்பிய கட்டில்

யம்னா, தன் வீட்டு விருந்தாளி யோஸ்டின் வலது பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணியால் குதிகால் புண்ணைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. சீழ் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் யோஸ்ட் இருபது வருடச் சர்க்கரைக்காரர். புண் சின்னது என்று விட்டுவிட முடியாது.

"இந்த ஷூவ வாங்கிக் குடுத்தது யாரு?"

"நான்தான்க்கா," என்றார் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மிமூன்.

"நல்லா வாங்கின போ. அவருக்குத்தான் கால்ல உணர்ச்சி இல்ல. உனக்குக் கண்ணும் இல்லையா?"

என்ன சொல்கிறாள் என்று யோஸ்ட் தன் மொழியில் கேட்டார். மிமூன் மொழிபெயர்த்தார். "உன்னைத் திட்டுறாங்களா? அப்ப நல்லவங்கதான்," என்று யோஸ்ட் சிரித்ததையும் மிமூனே யம்னாவுக்குச் சொன்னார்.

தெத்துவான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வார்டு வேலை பார்த்தவள் யம்னா. ஓய்வு பெற்ற பிறகு மாடி அறைகள் இரண்டையும் பயணிகளுக்கு விட்டு வந்தாள். எத்தனையோ வெளிநாட்டு ஆண்கள் ஜோடியாக வந்து ஒரே அறையில் தங்கிப் போயிருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மிமூனும் ஹாலந்து பாஸ்போர்ட்காரர்தான். ஆனால் பிறந்தது இதே நாட்டில், ரிஃப் மலைக் கிராமம் ஒன்றில். அவருடைய அம்மா இறந்ததை அண்ணன்மார் அடக்கம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னார்கள். நாளை நாற்பதாம் நாள். வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கூட்டம் கலைந்ததும் அம்மாவைப் புதைத்த கபரண்டை நின்று இரண்டு ஆயத்து ஓதிவிட்டுத் திரும்பினால் போதும் என்றுதான் வந்திருந்தார். இருபத்தெட்டு வருடமாக யோஸ்டுடன் வாழ்கிறார். அவரை விட்டுவிட்டு அங்கே போகவும் மனமில்லை.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் முகத்தம் புஷ்தா வந்தான். தெருவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்கென்றே ஏரியாவுக்கு ஒரு முகத்தம் உண்டு. விருந்தாளிகள் எழுதிக் கொடுக்கும் தாள்களை மாலையில் வாங்கிக் காவல் நிலையத்தில் சேர்ப்பதும் அவன்தான். கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து புதினாத் தேநீரை ஒரு மிடறு குடித்தான். தாளைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"லல்லா யம்னா," என்று மரியாதையாகவே ஆரம்பித்தான். "இதுல ஒருத்தன் நம்மாளு."

"ஆமா. பொறந்த ஊர அவரே எழுதியிருக்காரே."

"ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்."

"ஆமா."

"ஒரே கட்டில்."

"கட்டிலக்கூட எண்ணிட்டியா? போன வாரம் ரெண்டு பிரெஞ்சுக்காரனுங்க இதே கட்டில்ல அஞ்சு நாள் படுத்தானுங்க. தாள நீதான் வாங்கிட்டுப் போன. ஏதாவது கேட்டியா?"

"அவங்க வெளிநாட்டுக்காரங்க, லல்லா. அவங்க கணக்கு அவங்க ஆண்டவனோட. இவன் நம்ம புள்ள. நம்ம சட்டம் இவனுக்கு உண்டு. ராத்திரிக்குள்ள இவன வேற எடத்துக்கு அனுப்பிடுங்க. இல்லாட்டி நான் எழுதிக் குடுக்க வேண்டி வரும். அப்புறம் ஜீப்புதான் வரும்."

மிமூன் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புஷ்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் போயிடறேன்க்கா," என்றார் மிமூன். "எங்களுக்கு இது பழக்கம்தான். எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டு ரூமுக்குச் சாவி வாங்குவோம். ஒண்ணத் தொறக்கவே மாட்டோம். இந்தத் தடவ இவர் காலப் பாத்த பதட்டத்துல மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

யம்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான். முகத்தம் மிரட்டியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். நரைத்த தலையோடு ஒரு மனிதர், சோற்றைச் சிந்திவிட்ட பிள்ளை மாதிரி, தப்பு என்னுடையது என்கிறாரே!

பதினேழு வருடத்துக்கு முன்பு ஒரு தையல்காரரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. கையைக் கட்டிலோடு விலங்கிட்டிருந்தார்கள். ஒரு ஓட்டல் அறையில் வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு பிடித்தார்களாம். வெளிநாட்டுக்காரர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வார்டு வாசலில் வந்து நின்று, நான் பக்கத்தில் உட்காரலாமா என்று கையைக் காட்டிக் கேட்டார். நோயாளிக்கு ஒரு துணை இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். கட்டிலுக்கடியில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். துணையின் பெயரைச் சீட்டில் எழுதுவது யம்னாவின் வேலை. அன்று அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அவரை மதியக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். தையல்காரர் வார்டிலிருந்து நேராகச் சிறைக்குப் போனார். ஆரஞ்சை நர்சுகள் பிரித்துக்கொண்டார்கள். யம்னாவும் ஒன்று தின்றாள்.

"புஷ்தா, உங்கம்மா கடைசி மாசம் என் வார்டுல கெடந்தாங்களே, ராத்திரி பக்கத்துல யாரு படுத்தா?"

"நான்தான்."

"துணைன்னு சீட்டு எழுதிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான் சின்னம்மா." லல்லா போய்ச் சின்னம்மா வந்துவிட்டது.

"மாடியில இருக்கறவரு ஊசி போட்டுக்கறவரு. ராத்திரி சர்க்கரை இறங்கிட்டா அவரால கூப்பிடக்கூட முடியாது. பக்கத்துல படுத்திருக்கறவன் எழுப்பி வாயில சர்க்கரைத் தண்ணி விடணும். இருபது வருஷமா அதப் பண்றவன் இவன். இவன வெளிய அனுப்பிட்டா யாரு பண்ணுவா? நீ வந்து படுக்கறியா? வா. ஆனா ஒரே கட்டில்தான் இருக்கு."

புஷ்தாவின் காது சிவந்தது. "பேச்ச மாத்தாதீங்க. தெருவுல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உங்க அண்ணன் கல்யாணத்துக்கு இதே கூடத்துல ஒம்பது ஆம்பளைங்க ஒருத்தன் மேல ஒருத்தன் காலப் போட்டுத் தூங்கினீங்க. அன்னிக்குத் தெரு என்ன சொல்லிச்சு?"

அவன் தாளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, "சரி. என் வீட்ல ஒரு மடக்குக் கட்டில் இருக்கு. அனுப்பறேன். தனித்தனியாப் படுக்கட்டும். கதவு தொறந்தே இருக்கட்டும். அதுக்கு மேல என்னால முடியாது," என்றான். பெரிய மனது பண்ணிவிட்ட தோரணை.

பொழுது சாயும் மக்ரிப் பாங்குக்கு முன்பே சுமைவண்டியில் கட்டில் வந்து இறங்கியது. மிமூன் அதைப் படியேற்றக் குனிந்தார்.

"வையி கீழ. இந்த வீட்ல யாரு எங்க படுக்கறதுன்னு நான் சொல்றேன். நீ மேல போயி கதவத் தாழ்ப்பாப் போட்டுட்டுப் படு. ராத்திரி மூணு மணிக்கு ஒரு தடவ ரத்தம் குத்திச் சர்க்கரை பாரு."

"ஜீப்பு வந்தா?"

"மொதல்ல என் கதவத் தட்டணும்ல?"

யம்னா விருந்தாளித் தாள்களை எடுத்தாள். உறவு என்ற இடத்தை மிமூன் வெறுமையாக விட்டிருந்தார். யோஸ்டின் தாளில் 'நோயாளி' என்றும், மிமூன் தாளில் 'துணை' என்றும் வார்டில் எழுதிய அதே குண்டு எழுத்தில் எழுதினாள். கீழே, 'ஒரே அறை, என் பொறுப்பில்' என்று எழுதித் தன் முழுப்பெயரையும் பழைய பணி எண்ணையும் போட்டாள். எழுதி முடித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஒரு மனிதன் தன் மனிதனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவருக்குக் காலில் புண் வர வேண்டுமா? இருவரும் ஆரோக்கியமாக இருந்தால் அவள் என்ன எழுதியிருப்பாள்?

ஜீப் வரவில்லை.

காலையில் அவர்கள் பிசாரா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே யம்னா சுமைவண்டிக்காரரைக் கூப்பிட்டு, கயிறுகூட அவிழ்க்காத கட்டிலை ஏற்றினாள். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போய் முகத்தம் வீட்டு வாசலில் அதைச் சாத்தி வைத்தாள். கதவைத் திறந்த அவன் மனைவி, "என்ன லல்லா, கட்டில் பத்தலையா?" என்று கேட்டாள். "மீந்துபோச்சு," என்றாள் யம்னா.

அங்கிருந்து அவள் நேராகப் போன காவல் நிலையத்தில் எழுத்தர் தாள்களைப் பார்க்காமலேயே முத்திரையைத் தூக்கினார்.

"படிச்சுட்டுக் குத்துங்க," என்றாள் யம்னா.

அவர் படித்தார். அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். யம்னா கண்ணை எடுக்கவில்லை. முத்திரை விழுந்தது. நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாடகைக் கார் நிலையத்தில் யோஸ்ட் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். யம்னா ஜன்னல் வழியாக மிமூனிடம் கட்டுத்துணிப் பையைக் கொடுத்தாள். நகலை அவர் சட்டைப் பையில் தானே மடித்து வைத்தாள்.

"வழியில யாராவது நிறுத்திக் கேட்டா இதக் காட்டு. கபர்கிட்ட இவர நிக்க வைக்காத, கல்லு குத்தும். வண்டியிலேயே உக்காந்து பாக்கட்டும். சாயங்காலம் கட்டு மாத்தணும்."

"அக்கா…"

"கெளம்பு. நேரமாகுது."

கார் வளைவில் திரும்பியதும், விடியலில் தெருவின் பொது அடுப்பில் சுடக் கொடுத்திருந்த ரொட்டி மாவு நினைவுக்கு வர, யம்னா அதை நோக்கி நடந்தாள்.