சுக்கான்காரன் வந்துட்டானா

ட்ரெய்லர் வெளியான அன்று காலை எங்கள் வாட்ஸப் குழுவில் இருந்த எல்லோருக்கும் ஒரே கவலை: கதையை மாற்றிவிடுவார்களோ. எனக்கும் கவலைதான், ஆனால் நேர்மாறான கவலை. மாற்றாமல் விட்டுவிடுவார்களோ.

குழு என்றால் பெரிய சங்கம் ஒன்றுமில்லை, மொத்தமே பதினொரு பேர். பொன்னேரியில் கல்லூரிக்குப் போன காலத்தில் செல்போனில் மாங்கா படிக்கப் பழகியவர்கள். மாங்கா என்றால் ஜப்பான்காரர்களின் படக்கதை. கட்டங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எங்கள் உயிரை வாங்கிய கதை, தீவு தீவாகக் கடிதம் கொண்டுபோகும் ஒரு சின்னப் படகையும் அதில் இருக்கும் ஐந்து பேரையும் பற்றியது. அதை நிஜ ஆட்களை வைத்து டிவி தொடராக எடுக்கிறார்கள், தமிழிலும் பேசவைத்து விடப்போகிறார்கள் என்று சேதி வந்ததிலிருந்து குழுவில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ட்ரெய்லர் இரண்டு நிமிடம்தான். அதற்கு மூன்று நாள் சண்டை. புத்தகத்தில் நாயகிக்குப் பச்சை முடி, ட்ரெய்லரில் கறுப்பு. பொன்னேரியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் தோழி இதற்காக மதியச் சாப்பாட்டையே தள்ளிவைத்தாள். படகைத் திருப்பும் சுக்கானைப் பிடிக்கிறவனுக்குக் கதையில் ஒரு காது கிடையாது. ட்ரெய்லரில் தொப்பியை இழுத்துவிட்டு மறைத்திருந்தார்கள். கோட்டைக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர் முடியையும் பார்க்கவில்லை, காதையும் பார்க்கவில்லை. நங்கூரக் கயிற்றின் முடிச்சை நிறுத்திப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினார். இப்படி முடிச்சு போட்டால் படகு எங்கள் ஏரியிலேயே நிற்காது, கடலில் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஒற்றைக் காது சுக்கான்காரன் ஏழாவது புத்தகத்தில் கடலில் மூழ்கிச் சாகிறான். என் அண்ணியைப் பொறுத்தவரை அவன் இன்னும் உயிரோடு இருந்தான். அதற்குக் காரணம் நான்.

அண்ணி என்னைவிட மூன்று வயது மூத்தவள். வடக்கே, ஆந்திர எல்லையோர மீனவக் குப்பத்திலிருந்து எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வாழ வந்தவள். அவளுடைய அப்பாவை, அவள் வாயில் நைனாவை, ஒன்பதாவது படிக்கும்போது கடலுக்குக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

நான் பொன்னேரி கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடிக்கிற கடையில் வேலை செய்கிறேன். ஒன்பது மணிக்குப் பஸ் பிடித்தால் போதும். அதனால் விடிந்ததும் அண்ணியோடு கரைக்குப் போவேன். அண்ணனின் ஃபைபர் படகு திரும்பி வரும்வரை அவள் நெத்திலியை மணலில் விரித்த வலைமேல் காயப்போடுவாள். நான் கூடமாட உதவி செய்துகொண்டு கதை சொல்லுவேன். அப்படித்தான் அந்தப் படக்கதை எங்கள் கரைக்கு வந்தது. ஆங்கிலத்தில் படித்துவிட்டு எங்கள் பாஷையில் சொல்லுவேன். கதை கேட்கிற ஆள் என்றால் அண்ணிதான். நாயகி சண்டையில் ஜெயித்தால் நெத்திலியை வீசிப் போடுவாள், தோற்றால் ஒவ்வொன்றாக அடுக்கிவைப்பாள். ஐந்து பேரில் அவளுக்குப் பிடித்தவன் சுக்கான்காரன். எப்போதும் பசி, எப்போதும் சிரிப்பு, காற்றோடு பேசுகிற கிறுக்கன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. படகு தண்ணீரில் இருக்கும்போது கரையில் இருக்கிற பெண்களின் வாயில் கெட்ட சொல் வரக் கூடாது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோமே, அதைவிடக் கண்டிப்பு. செத்தான் கூடாது, கவிழ்ந்தது கூடாது, முழுகியது கூடவே கூடாது. கழுவப் போட்ட குண்டான் தண்ணீருக்குள் போனால்கூட உட்கார்ந்துவிட்டது என்றுதான் சொல்லுவோம். நான் கல்லூரி படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் ஏழாவது புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நான் சொல்ல வேண்டிய காலையில், அண்ணனின் படகு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. காற்றும் கொஞ்சம் முரடாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்ததோ தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவள்.

புயலில் தனியாகப் போன சுக்கான்காரன் வேறொரு தீவில் கரை ஏறிவிட்டான், எப்படியும் வந்துவிடுவான் என்று சொல்லிவைத்தேன்.

சொன்னது ஒரு வரி. அதைக் காப்பாற்ற இரண்டு வருஷம் பொய் சொன்னேன். அந்தத் தீவில் அவனுக்குக் கால் சுளுக்கு என்றேன். பிறகு புதுப் படகு செய்கிறான் என்றேன். மரம் கிடைக்கவில்லை என்றேன். உண்மைக் கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, அவன் கதையை நானே எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் முதல் கூடை நெத்திலியைக் கொட்டும்போதே அண்ணி கேட்டுவிடுவாள்: "சுக்கான்காரன் வந்துட்டானா?" இன்னும் இல்லை என்றால் கடலைப் பார்த்து, "வாடைக் காத்து எழும்பட்டும், வந்துடுவான்" என்பாள். புத்தகத்தில் வடக்கேயிருந்து வரும் வாடையும் இல்லை, தெற்கத்திக் காற்றும் இல்லை. இவள் ஏன் எப்போதும் வாடையையே சொல்கிறாள் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

ட்ரெய்லரை அவளுக்குக் காட்டியது அண்ணன். "உங்க ரெண்டு பேரோட கதை டிவியில வருதாமே" என்று போனை நீட்டினான். அவள் இரண்டு நிமிடத்தையும் நின்றபடியே பார்த்தாள், திரும்ப ஓடவிட்டாள். தொப்பிபோட்டவனைத் தொட்டுக் காட்டி, இவன்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அதோடு விட்டாளா. என்னையும் உங்கள் குழுவில் சேர்த்துவிடு என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சேர்ப்பதற்கு முன்னால் பத்துப் பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: சுக்கான்காரன் சாவதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனைத் தோழி திட்டிவிட்டுச் சம்மதித்தாள். கடைக்கார நண்பர், ஒரு படக்கதை ஆளுக்காக ஊரே சேர்ந்து பொய் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கேட்டாரே தவிர, அவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணி குழுவில் வந்து முதலில் எழுதியது அந்த நங்கூர முடிச்சைப் பற்றித்தான். நண்பர் அவளைத் தெய்வமாகவே கொண்டாடினார்.

தொடர் வாரம் ஒரு எபிசோடாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடித்து, போனை டிவியோடு இணைத்து நாங்கள் இருவரும் பார்ப்போம். முதல் எபிசோடிலேயே எனக்குத் தெரிந்துபோனது, எடுத்தவர்கள் பக்திமான்கள். கட்டத்துக்குக் கட்டம் புத்தகம். குழுவில் எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். கறுப்பு முடியைக்கூட மன்னித்துவிட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு வாரமும் எங்காவது ஒரு சின்னத் துரோகம் நடக்காதா என்று உற்று உற்றுப் பார்த்தேன். ஓர் ஆளை விட்டுவிட்டார்கள், ஒரு தீவைத் தாண்டிவிட்டார்கள் என்று யாராவது குறை எழுதினால் எனக்குள் ஒரு நம்பிக்கை துளிர்க்கும். அந்த நடிகருக்கு ரசிகர்கள் அதிகம், கொல்ல மாட்டார்கள் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அதைப் பத்துத் தடவை படித்தேன்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவேன். கரையில் உட்கார்ந்தால் படகு கடலில் இருக்கும், வாய் அடைத்துவிடும். படகு வந்துவிட்டால் மீனை இறக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், ஐஸ் போட வேண்டும். அவளுக்கு நிமிர நேரமில்லை, எனக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். சாயங்காலம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சாயங்காலங்களில் நான் கோழை. அவ்வளவுதான்.

ஐந்தாவது எபிசோடு வந்த ஞாயிறு அண்ணன் மதியமே படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேபிள் தகராறு என்றேன், அவளே சரியாகச் செருகினாள். நெட் தீர்ந்துவிட்டது என்றேன், தன் போனிலிருந்து கொடுத்தாள். கடைசியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்களுடைய கடிதப் படகு புயலில் மாட்டிக்கொள்கிறது. சுக்கான்காரன் சின்ன ஓடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறான். கயிற்றை வீசி மற்றவர்களைக் காப்பாற்றுகிறான். பிறகு அலைக்குள் போகிறான். தொப்பி மட்டும் மிதக்கிறது. முதல் தடவையாகத் தொப்பியில்லாமல் அவனைக் காட்டினார்கள். ஒரு காது இல்லைதான்.

என் போன் விடாமல் துடித்தது. அப்படியே எடுத்திருக்கிறார்கள், ஒரு கோடு மாறவில்லை என்று குழுவில் கொண்டாட்டம். அண்ணி அங்கே இருப்பதை மகிழ்ச்சியில் மறந்துவிட்டார்கள். அவள் போனும் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"இது டிவிக்காரங்க மாத்திட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பழி யாரோ முகம் தெரியாதவர்கள் மேல் போகும். நானும் சேர்ந்து அவர்களைத் திட்டலாம், அவன் என் கதையில் இன்னும் ஒரு வருஷம் மரம் வெட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்ல அண்ணி. நான்தான் மாத்திட்டேன்."

அவள் டிவியை நிறுத்தினாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை.

"எங்க நைனா போனப்ப எங்கிட்ட இதேதான் சொன்னாங்க. வடக்க ஒதுங்கி, அந்தாண்ட கரை ஏறிட்டாரு, வாடை அடிச்சா பாய் விரிச்சினு வந்துடுவாருன்னு. எங்க சித்தி சொன்னாங்க, மாமா சொன்னாரு, ஸ்கூல்ல டீச்சர்கூட சொன்னாங்க. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. தெனம் அவருக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வெச்சினு இருந்தேன். பதினாறாம் நாள் அம்மா கையில வளையலை ஒடைக்கிறப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சு. ஒருத்தர் வாய் தொறந்து சொல்லல." என் பக்கம் திரும்பி, "நீயுமா?" என்றாள்.

குழுவில் பத்துப் பேரை நான் வாயடைக்க வைத்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அண்ணன் வரும் நேரம் என்று உலை வைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் கரையில் கதை இல்லை. அவள் வழக்கம்போல நெத்திலியைக் காயப்போட்டாள், நானும் போட்டேன். சுக்கான்காரன் வந்துட்டானா என்ற கேள்வி இல்லாத காலை எனக்குப் பழகவே இல்லை. குழுவிலிருந்து அவள் விலகவில்லை, ஆனால் எதுவும் எழுதவும் இல்லை. கடைக்கார நண்பர் இரண்டு முறை முடிச்சுப் படம் அனுப்பிப் பார்த்தார். பொன்னேரியில் ஒரு மனுவில் வாதி, பிரதிவாதி பெயரை மாற்றி அடித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் படகு சீக்கிரம் வந்துவிட்டது. நான்கு பேர் பிடித்து மணலில் ஏற்றினார்கள். அண்ணன் இன்ஜினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அண்ணி மீன் கூடையை என் எதிரே இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"படகு கரைக்கு வந்துடுச்சு. இப்ப சொல்லு. உள்ளதைச் சொல்லு."

ஏழாவது புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். சுக்கான்காரன் செத்துட்டான் அண்ணி, ஒடம்பு கெடைக்கல, தொப்பிதான் கெடைச்சுது என்றேன். அவள் கூடையிலிருந்து பெரிய மீன்களைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டே கேட்டாள். யார் அவனுக்குக் காரியம் செய்தார்கள் என்று விசாரித்தாள். மீதி நான்கு பேரும் சேர்ந்து செய்தார்கள், அந்த நாயகிதான் முதலில் அழுதாள் என்று சொன்னேன்.

"அவகிட்ட அன்னிக்கே சொல்லிட்டாங்களா?"

அந்தப் புயலில் அவள் மட்டும் கரையில் இருந்தாள், அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்றேன். அது புத்தகத்தில் உள்ளது, நான் சேர்த்தது இல்லை. நம்பாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, வலமிருந்து இடமாகக் கட்டம் கட்டமாக வெகுநேரம் பார்த்தாள். என் பஸ் போய்விட்டது.