அருணாதேவியின் இரண்டு சீட்டு கார்

கலெக்டர் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை அருணாதேவி அக்கா. அடி அண்ணாமலை வீட்டிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் ஆபீசுக்கு முதலில் பஸ், அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் கணவர் பார்த்து வாங்கிய ஒரு பழைய கார் என்று அலைந்தவள். அந்தக் கார் ஒருநாள் படுத்துவிட்டது. அடுத்த காரையாவது நான் பார்த்து வாங்குகிறேன் என்றாள். அதில் என்ன தப்பு? அவள் பார்த்ததுதான் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. இரண்டே சீட்டு, மடக்கிவிடும் கூரை, தரையோடு தரையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்!

ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்தும் பிரசாத், இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டதால் அதை விற்கிறார். விலை, புதுக் குடும்பக் காரின் விலையில் பாதிகூட இல்லை.

அக்காவின் கணவர் இராமலிங்கம் அண்ணன் மணிலாக் கடலையும் சாமந்தியும் போடும் விவசாயி. நல்ல மனுஷன்தான், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்து போக எட்டுப் பேர் உட்காரும் வண்டிதான் வேண்டும் என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை போகிற கோயிலுக்காக தினமும் காலி சீட்டைச் சுமந்துகொண்டு ஆபீசுக்கு வரணுமா என்று நானே அவரிடம் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு வாரம் பிரசாத்தின் காரை ஓட்டிப் பார்ப்பது. வீட்டு வேலைக்கு ஒரு தடவை உதவாமல் போனாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி வாங்குவது. அக்கா சரி என்றுவிட்டாள்.

முதல் நாளே வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் உரசியது. மறுநாளிலிருந்து அக்கா கோணலாக ஏற்றினாள். ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது, உரசல் நின்றது. ஏசி நம்மூர் வெயிலுக்குத் தாங்கியது. மைலேஜ் பழைய காரைவிட ஜாஸ்தி. மார்க்கெட் சந்தில் மாடு படுத்திருந்தால்கூட ஒதுங்கிப் போக இடம் இருந்தது. குறையும் இல்லாமல் இல்லை. டிக்கியில் ஒரு சின்ன அரிசி மூட்டைக்குமேல் ஏறாது. அக்காவின் மாமியார் உள்ளே உட்கார்ந்துவிட்டார், எழுப்ப நாங்கள் இரண்டு பேரும் கைகொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மறுநாள் அவரே முதலில் வந்து ஏறிக்கொண்டார். செங்கம் ரோட்டில் கூரையை மடக்கிவிட்டு ஓட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கணுமே! இத்தனை வருஷப் பழக்கத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசி நாள் ஞாயிறு, பௌர்ணமி. அன்று அடி அண்ணாமலை வழியாகப் போகும் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அந்தப் பாதையில் குடியிருப்பவர்கள் முந்தின நாளே வண்டியை வெளியே நிறுத்திவிடுவார்கள். அக்காவும் சனிக்கிழமையே காரை வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் விட்டு, ராத்திரி என்னோடு தங்கிவிட்டாள். அவர்கள் வீட்டு வாசலில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அன்னதானம் உண்டு. எங்கள் தெருச் சமையல்காரர் வேடியப்பன் புளியோதரை செய்வார். அதை லோடு ஆட்டோவில் ஏற்றி, பாதையை அடைப்பதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோகணும். சாயங்காலம்தான் அடைப்பார்கள், எனக்குத் தெரியாததா என்று இராமலிங்கம் அண்ணன் ஆற அமரக் கிளம்பினார். லீவு நாள், கூட்டம் ஜாஸ்தி. போலீஸ் மத்தியானமே தடுப்பைப் போட்டுவிட்டது. அடுத்த சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று லோடு ஆட்டோக்காரர் இரண்டு அண்டாவையும் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கூடப் போயிருந்த வேடியப்பன்தான் எங்களுக்கு போன் செய்தார். அண்ணன் செய்வாரா? வீம்பு.

நாங்கள் காரில் போனபோது அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜனங்கள் வரிசை கட்டிவிட்டார்கள் என்று வீட்டிலிருந்து போன்மேல் போன். மிச்சமிருந்த ஒரே வழி ஏரிக்கரைக்குக் கீழே வயலுக்குள் போகும் மாட்டுவண்டிப் பாதை. அது அவர்கள் வீட்டின் பின்பக்கம் போய்ச் சேரும்.

"இந்த வண்டி அதுல போவாது தேவி. அடி கிழிஞ்சிடும்," என்றார் அண்ணன்.

"நீங்க அண்டாவத் தூக்கி வைங்க. ஓட்டப்போறது நானு," என்றாள் அக்கா.

கூரையை மடக்கி, முன்சீட்டில் ஓர் அண்டாவை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டோம். கல்லைப் பார்த்துச் சொல்ல நான் முன்னால் நடந்தேன். பாதையில் மாட்டுவண்டிச் சக்கரங்கள் அறுத்த இரண்டு பள்ளம், நடுவில் மேடு. அக்கா பள்ளத்தில் இறங்கவே இல்லை. ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் வைத்து நூல் பிடித்த மாதிரி வந்தாள். வாய்க்காலை ஒட்டி ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. உரசினால் அதோடு கார் போச்சு. அவள் நிறுத்தி, பின்னால் எடுத்து, வேகத்தடையில் பழகியபடி கோணலாக ஏற்றினாள். நான் குனிந்து வண்டியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா!

இரண்டாவது அண்டாவும் அப்படியே வந்து சேர்ந்தது. வண்டியில் இடம் இல்லாததால் அண்ணன் பின்னாலேயே நடந்து வந்தார். பொழுது சாயும்வரை வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, யாரும் வெறும் தட்டோடு போகவில்லை. அக்கா பரிமாறிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பிரசாத், இராமலிங்கம் அண்ணனுக்கு போன் செய்து, வண்டி எப்போது திரும்பி வரும் என்று கேட்டார். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டு அண்ணன் எழுந்து தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் நாலு எலுமிச்சம்பழம். நேரே பின்பக்கம் நின்ற காரிடம் போய், குனிந்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"எடு தேவி," என்றார். "நம்ம வண்டி. பாத்து எடு."