அமிர்தநாதன் அண்ணனும் சூடு காட்டும் முள்ளும்

அமிர்தநாதன் அண்ணன் வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்த்ததைவிட மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம். சத்தியமாகச் சொல்கிறேன், தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவள் நான். குறுக்கே லாரி வந்தால் "அண்ணே, லாரி!" என்று நான்தான் கத்த வேண்டும். அவர் கண் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் மேலேயே இருக்கும். "பாதிக்குக் கீழதான் கீது மஞ்சுளா, பயப்படாத" என்பார். லாரிக்குப் பயந்தவளுக்கு முள்ளைச் சொல்லி ஆறுதல்! கடுப்பாக இருக்குமா இருக்காதா?

நாங்கள் பென்னலூருக்குப் பக்கத்தில் புதிதாக வந்த குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்குக் கம்பெனி பஸ் வராது. அதனால் ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் அவருடைய பழைய வெள்ளைக் காரில்தான் ஷிப்டுக்குப் போய் வந்தோம்.

அதற்கு முன்னால் அவரும் கம்பெனி ஆள்தான். கார் செய்கிற இடம் ஒன்றில் வருஷக்கணக்காகக் காண்ட்ராக்டில் இருந்தார். லைனில் அவருக்கு ஒரே வேலை. டாஷ்போர்டில் மீட்டரை மாட்ட வேண்டும், சாவியைத் திருப்ப வேண்டும், முட்கள் எல்லாம் ஒரு தரம் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒழுங்காக இறங்கினால் ஓகே. நடுவில் சிக்கி நின்றால் என்ஜி. என்ஜி என்றால் கம்பெனிப் பேச்சில் கழித்துப் போட வேண்டிய பீஸ். அவர் ஓகே சொன்ன மீட்டர் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொன்னாராம். அப்படிப்பட்ட மனுஷனை ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் முள்ளைப் பார்க்க ஒரு கேமராவை மாட்டினார்கள். கேமராவுக்கு டீ பிரேக் வேண்டாம் பாருங்கள்.

வேலை போனதே தவிர, முள்ளின் மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. அவர் மனைவி அன்னபுஷ்பம் அக்கா இதை வைத்தே அவரை ஓட்டுவார். "இந்த மனுசன் என்னிய ஒரு தபா இப்படி உத்துப் பாத்ததில்லடி மஞ்சுளா. முள்ளையே கட்டிகினு வந்திருக்கலாம்" என்பார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. ஆனால் எந்நேரமும் அக்கா பேச்சும் சிரிப்பும் தெரு வரைக்கும் கேட்கும்.

வெயில் காலத்தில் ஒரகடம் ஜங்ஷனில் வண்டிகள் நகராமல் நின்றால் அந்தக் காரின் முள் மெல்ல ஏற ஆரம்பிக்கும். உடனே அண்ணன் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடுவார். எஞ்சினில் இருக்கிற சூட்டை ஹீட்டர் இழுத்து உள்ளே தள்ளும், எஞ்சின் தப்பிக்கும். நாங்கள் வெந்துபோவோம். "அண்ணே, நாங்க இன்னா இட்லியா?" என்று பின் சீட்டில் ஒரே சத்தமாக இருக்கும். முள் இறங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸானவர் மாதிரி இருக்கும்.

வல்லக்கோட்டை போகிற வழியில் சக்திகுமார் ஷெட் போட்டிருக்கிறான். அவன்தான் இந்த வண்டிக்கு மெக்கானிக். "அண்ணே, ரேடியேட்டர் தண்ணி போற ஓஸ் பைப்பு ஊறிப் போய் கீது. ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, மாத்திடறேன்" என்று என் காதுபடச் சொன்னான்.

"முள்ளு சரியாத்தானே கீது? சூடேறுனா அதுவே சொல்லும்" என்றார் அண்ணன்.

சக்தி தலையில் அடித்துக்கொண்டான்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்த அக்கா, சேலைகூட மாற்றாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். அக்காவுக்கு உடம்பெல்லாம் வேர்வை, முகம் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணலாம் என்றேன். "அது வர்றதுக்குள்ள நாமளே போயிடலாம்" என்று அக்காவைத் தூக்கிக் காரில் போட்டார். பின் சீட்டில் அக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஹைவேயில் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் கண்டெய்னர் லாரி. எங்கோ ஒன்று பிரேக்டவுனாகி நின்றிருக்கிறது. பாழாய்ப்போன ரோடு! ஊருக்கெல்லாம் கார் செய்து அனுப்புகிற இடத்தில் நெஞ்சுவலிக்காரி ஒருத்தி போக வழியில்லை. ஊர்ந்து ஊர்ந்து போனோம். அக்கா "யேசுவே, யேசுவே" என்று முனகிக்கொண்டே வந்தார்.

முள் ஏறியது. பாதியைத் தாண்டியது, சிவப்புக்கோட்டைத் தொட்டது. அண்ணன் கை ஹீட்டர் பக்கம் போனது. போன கையைத் திருப்பிக்கொண்டார். "வாணாம், புஷ்பத்துக்கு வேர்க்குது" என்றார்.

கொஞ்ச தூரத்தில் பானட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி வந்தது.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றேன்.

"இரு, இரு" என்றவர் திடீரென்று கத்தினார். "மஞ்சுளா, எறங்குது! முள்ளு எறங்குது பாரு!"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். சிவப்பிலிருந்து பாதிக்கு, பாதியிலிருந்து கீழே என்று இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகளும் நகர ஆரம்பித்தன. அண்ணன் வண்டியை விரட்டினார். அக்காவின் முனகல் நின்றிருந்தது.

"தூங்குறாளா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"கண்ண மூடிகினு இருக்காங்கண்ணே."

"நல்லதாச்சு. வலி கொறஞ்சிருக்கும்."

மேம்பாலம் ஏறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சாவியைத் திருப்பினார், திருப்பினார், எஞ்சின் அசையவில்லை. "முள்ளு கீழதானே கீது? அப்புறம் ஏன் வர மாட்டேங்குது?" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். யாரோ ஒரு புண்ணியவான் தன் மினி டெம்போவை நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "வழியிலேயே உயிர் போயிருக்கு" என்றார்.

அக்காவை அடக்கம் செய்த பிறகு சக்திகுமார் பானட்டைத் திறந்தான். அண்ணன் வரவில்லை என்றார். நான்தான் விடாமல் கூட்டிப் போனேன். ஏன் கூட்டிப் போனேனோ!

ஓஸ் நீளமாகக் கிழிந்திருந்தது. தண்ணீர் ஒரு சொட்டில்லை. எஞ்சின் வெந்து இறுகிப்போயிருந்தது.

"அப்புறம் முள்ளு எப்படிடா எறங்குச்சி?" என்றார் அண்ணன்.

சக்தி தயங்கித் தயங்கிச் சொன்னான். "சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தாண்ணே சூட்ட சரியா காட்டும். தண்ணி மொத்தமும் போயிடுச்சி. அது வெறுங்காத்துல நின்னுச்சி. முள்ளு கீழ வந்துடுச்சி."

"மீட்டர் என்ஜி. என்ஜி பீஸுன்னு சொல்லு சக்தி."

"மீட்டர் நல்லாத்தாண்ணே கீது."

"என்ஜின்னு சொல்லுடா!" என்று அவன் சட்டையைப் பிடித்தார். சக்தி அழுதுவிட்டான். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், அந்தப் பயலுக்கு அதுவும் வராது. அண்ணன் மீட்டரையும் சென்சாரையும் பேட்டரியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வேறு எஞ்சின் வைக்கலாம் என்று சக்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், அவர் காதில் வாங்கவில்லை.

நாங்கள் இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள், கர்த்தர் சித்தம் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போனது எனக்குத்தானே தெரியும்?

போன வாரம் சாயங்காலம் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் சமையலறையில் நின்றிருந்தார். அடுப்பில் அக்கா சோறு வடிக்கிற பானை, அதில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மேடையில் பேட்டரி, அதிலிருந்து மீட்டருக்கு வயர், மீட்டரிலிருந்து சென்சாருக்கு வயர். சென்சாரைத் தண்ணீரில் முக்கினார், முள் ஏறியது. வெளியே தூக்கினார், முள் இறங்கியது. "ஓகே" என்றார் தனக்குத்தானே. மறுபடி முக்கினார். விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுப்பை அணைத்தேன். "இன்னாண்ணே இது, பைத்தியமா உங்களுக்கு? எத்தினி தபா பாத்தாலும் அது நல்ல முள்ளுதான். வுட்டுத் தொலைங்க!" என்று கத்தினேன்.

அவர் சென்சாரைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கி முள்ளு எறங்குச்சில்ல, அதே நேரத்துலதான் அவ மொனகறதும் நின்னுச்சி. ரெண்டுக்கும் சந்தோசப்பட்டேன் மஞ்சுளா. நல்லதாச்சுன்னு என் வாயால சொன்னேன். நீயும் கேட்ட இல்ல?"

ஆமாம், கேட்டேன்.