பாலைவன வானம்பாடிக்கு நான் எழுதிய கேஸ்

ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு பயண முகவர் கடையின் பின்னறையில் எனக்கு ஒரு மேசை உண்டு. அகதி விண்ணப்பம் போடுபவர்கள் தமிழில் சொல்வதை பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் இந்த லா சப்பலில் அதற்குப் பெயர் கேஸ் எழுதுவது. வருபவர் கதிரையில் இருந்து, “அண்ணை, அங்கை இருக்கேலாது,” என்பார். அதோடு அவருடைய கதை முடிந்துவிடும். மிச்சத்தை நான்தான் கேட்டுக் கேட்டுப் பிடுங்க வேண்டும். வராத இடத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் உப்புப் புளி சேர்ப்பேன். பயம் போதாத கேஸ் பாஸாகாது.

என் மகளுக்குப் பத்து வயது. பியர்ஃபித்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வகுப்பில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பறவை கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஆந்தை, பென்குயின் என்று நாலு பேருக்குத் தெரிந்த பறவைகள். இவளுக்கு வந்தது பாலைவன வானம்பாடி. அது எங்கே வாழ்கிறது, அதன் இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறதா, இரண்டையும் வகுப்புக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். தான் எடுத்த குறிப்புகளை என்னிடம் தந்து, “அப்பா, டைப் பண்ணித் தாங்கோ,” என்றாள்.

குறிப்புகள் நன்றாகத்தான் இருந்தன. சகாராவிலிருந்து ராஜஸ்தான் வரைக்கும் கல்லும் சரிவுமான வறண்ட நிலம் அதன் இடம். வெளிர் மணலில் வெளிர் நிறம், கருங்கல் நிலத்தில் கரிய நிறம். ஒரு கல்லின் ஓரமாகத் தரையில் கூடு கட்டி, முன்னால் சின்னக் கற்களை அடுக்கி வைக்கும். எல்லாம் சரி. கடைசி வரியில் வந்தது வில்லங்கம்: ‘இது கவலைப்படத் தேவையில்லாத இனம்.’

எனக்குத் திக்கென்றது. இப்படி எழுதினால் எவன் ஏற்றுக்கொள்வான்? இத்தனை வருடம் பழகிய கை சும்மா கிடக்குமா? சரிவுகள் பறிபோயின என்று எழுதினேன். கூட்டைக் கலைத்தார்கள், முட்டைகளைக் கொண்டுபோனார்கள், வானம்பாடி குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அலைகிறது. எல்லாக் கேஸுக்கும் போடும் முடிவையும் போட்டேன்: திரும்பிப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மனைவி, “குருவிக்கும் அகதிக் கார்ட் எடுத்துக் குடுக்கப்போறியளோ?” என்றாள். தொழில் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

காய்ச்சல் விட்டதும் மகள் அதை முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோய் வாசித்திருக்கிறாள். நூலகப் புத்தகம் வைத்திருந்த ஒருத்தி கையை உயர்த்தி, உண்மையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. ஆசிரியை என்னை அழைத்தார். நல்ல மனுசி. “ஐயா, இந்தப் பறவை எங்கேயும் போவதில்லை. வருடம் முழுவதும் தன்னுடைய இடத்திலேயே இருக்கிறது. சுகமாக இருக்கிறது,” என்றார். அதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை திரும்ப வாசிக்கலாம் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் பிரெஞ்சில் சொன்னாள்: “எல்லாருக்கும் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.” அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. தேத்தண்ணி குடிச்சாயோ என்று நான் கேட்டால், தாயிடம் பதில் சொன்னாள். இனி நான் சொல்லும் எதையும் என் பிள்ளை நம்பமாட்டாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உப்புப் புளி எதுவும் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினிக்கு வந்தாள். தானே எழுதிய அரைப் பக்கத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆபத்தில் இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று முடித்தாள். சொன்னால் வெட்கம், அந்தக் குருவிமேல் எனக்குப் பொறாமை வந்தது.

தாளை மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். இந்த முறை தமிழில்.

“உங்கட கேஸை ஆர் எழுதினது?”

“ஒரு அண்ணை.”

“எத்தினை பக்கம்?”

“பதினொண்டு.”

“அதில உண்மை எவ்வளவு?”

மனைவி அடுப்பைக் குறைத்தாள்.

“நான் சொன்னது நாலு வரிதான். அது காணாதெண்டு மிச்சத்தை அந்த அண்ணை தானாச் சேத்து எழுதினவர்.”

“அந்த நாலு வரியைச் சொல்லுங்கோ.”

இருபது வருடமாக அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மனைவிக்கும் நான் சொன்னதில்லை. கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

“ஆமிக்காரங்கள் பஸ்ஸை மறிச்சவங்கள். பக்கத்தில இருந்த என்ர சிநேகிதனை இறக்கினவங்கள். அவன் என்னைத் திரும்பிப் பாத்தவன். நான் ஆரோ எவரோ எண்ட மாதிரி யன்னலால வெளியில பாத்துக்கொண்டு இருந்தன்.”

மகள் தாளை வைத்துவிட்டு எனக்குக் கிட்ட வந்தாள்.

“நம்புறன், அப்பா,” என்றாள்.

நான் எழும்பி முகம் கழுவப் போனேன்.