மாடியறை ஃபியூஸ்

எங்கள் வீட்டில் தலைமுடி உலர்த்துவதற்குக்கூட அனுமதி கேட்கும் வழக்கம் இருந்தது. மகள் குளித்துவிட்டு வந்து மாடியிலிருந்து கத்துவாள்.

"அப்பா, போடட்டுமா?"

"இரு, இரு. ஹீட்டரை ஆஃப் பண்ணியா?"

"பண்ணிட்டேன்!"

"அம்மா அயர்ன் பண்றாளா பாரு."

"அப்பா, ப்ளீஸ்!"

"சரி, போடு."

அதற்குப் பிறகுதான் ஹேர் டிரையரின் சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

காரணம் வீட்டின் வயது. அமெரிக்காவில் நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் நாங்கள் வீடு தேடியபோது, நல்ல பள்ளிக்கூடம், கோயிலுக்குப் பக்கம் என்ற இரண்டையும் பார்த்து என் மனைவி உடனே சரி என்றாள். எனக்கு மட்டும் பேஸ்மென்ட் சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டி உறுத்தியது. முன்பு குடியிருந்தவர்கள் கீழ்த்தளத்துக்குப் புதிய பிரேக்கர்களை வைத்துவிட்டு, மாடிக்கு மட்டும் பழைய ஃபியூஸ் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் இருப்பவை பல்பைப் போலத் திருகி மாட்டும் ஃபியூஸ்கள். தலையில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை. பதினைந்து ஆம்பியர் என்றால் நீலம், முப்பது என்றால் பச்சை. மாடியின் மூன்று அறைகளும் ஒரே ஒரு நீல ஃபியூஸை நம்பி இருந்தன. குளிர்காலத்தில் மகளின் அறையைச் சூடாக்கும் ஹீட்டரும் டிரையரும் ஒரே நேரத்தில் ஓடினால் அது தாங்காது. மாடி முழுவதும் இருட்டாகிவிடும். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன்.

திருச்சியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் ஃபியூஸ் போனால் பீங்கான் கட்டையை இழுத்து வெளியே எடுத்து, எரிந்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்வோம். இங்கே கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை ஃபியூஸ் போனபோதே இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். பட்டை அறுந்திருந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் சுமை அதிகமாகிவிட்டது என்று பொருள். கண்ணாடி புகை பிடித்துக் கறுத்திருந்தால் எங்கோ இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று பொருள். கழற்றிய ஒவ்வொரு ஃபியூஸையும் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எல்லாமே தெளிவாகத்தான் இருந்தன.

"டாக்டர் எக்ஸ்ரே பாக்குறார்" என்பாள் மனைவி.

சென்ற டிசம்பரில் ஒரு நண்பர் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். நியூஜெர்சிக்கு எங்களுக்கு முன்பே வந்தவர், ஐ.டி. வேலை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாடி இருண்டது. அவருடைய பிள்ளைகளும் என் மகளும் மேலே கூச்சல் போட்டார்கள். நான் கீழே போய் மாற்றிவிட்டு வந்தேன்.

"எத்தன தடவ இப்படி ஏறி எறங்குவீங்க, தலைவா?" என்றார் நண்பர். "ஒரு பச்சையப் போட்டு விடுங்க. அப்புறம் போகவே போகாது."

"வயர் பதினஞ்சுக்குதான் தாங்கும்" என்றேன்.

"எல்லாம் அமெரிக்கன் வயர். தாங்கும்."

"அவருக்கு அப்புறம் பயப்பட ஒண்ணும் இருக்காதே, அண்ணா, அதான் யோசிக்கிறார்" என்றாள் மனைவி. மேஜையே சிரித்தது. அடுத்த வாரம் கோயில் பார்க்கிங்கில் பார்த்தபோது நண்பர் உண்மையாகவே ஒரு பச்சை ஃபியூஸை என் கையில் வைத்தார். அதைப் பேஸ்மென்ட் அலமாரியில் போட்டு வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. மகள் ஒரு தோழியின் பிறந்தநாளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் காரின் மேல் இருந்த பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்தபோது, மாடிப்படியின் மேல் விளக்கு அணைந்திருந்தது. அனுமதி கேட்கும் குரல் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

"ஏன் கேக்காம போட்ட?" என்று கத்தினேன்.

"நான் போடவே இல்ல!"

"பின்ன தானா போச்சா?"

"ஐ டிட்ன்ட் டூ எனிதிங், அப்பா!"

நான் நம்பவில்லை. மனைவி சமையலறையிலிருந்தே, "அந்தப் பச்சையப் போட்டுத் தொலைங்களேன், அவளுக்கு நேரமாகுது" என்றாள். அன்றைக்கு எனக்கும் சலித்திருந்தது. என் பயத்தை எல்லோரும் கேலி செய்வதும் சலித்திருந்தது, பயமும் சலித்திருந்தது. இன்றைக்குப் பச்சையைத்தான் போடப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினேன்.

மெயினை இறக்கிவிட்டு நீல ஃபியூஸைக் கழற்றினேன். பழக்கத்தில்தான் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். உள்ளே எதுவும் தெரியவில்லை. கண்ணாடி உள்பக்கம் முழுவதும் கறுத்து, ஓரத்தில் வெள்ளிப் பூச்சைப் போல மினுங்கியது. இன்னொரு கையில் பச்சை இருந்தது. அப்படியென்றால் எங்கோ கம்பிகள் தொட்டிருக்கின்றன. பிறகு பச்சையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மகள் ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டிரையர் மேஜை மேல், வயர் சுற்றியபடியே இருந்தது.

"நீ போடலதான், இல்ல?"

"ஐ டோல்ட் யூ."

"அப்போ என்ன ஓடிட்டு இருந்துச்சு?"

"ஹீட்டர் மட்டும்தான்."

"ஏதாவது வாசன வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "நேத்துலேந்து ஒரு மாதிரி ஸ்மெல். ஐ தாட் இட் வாஸ் அம்மாஸ் சாம்பிராணி."

வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி வீடு முழுவதும் சாம்பிராணி காட்டுவாள். அவளே மகளின் அறைக்குள் வந்து, "நான் நேத்து மாடிக்கு ஏறவே இல்லையே" என்றாள்.

ஹீட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு மெல்லிய வெள்ளை எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியிருந்தது. அந்த வெள்ளை வயர் கம்பளத்துக்கு அடியில் நுழைந்து, கட்டில் கால் ஊன்றிய இடத்தைத் தாண்டி, அலமாரிக்குப் பின்னாலிருந்த பிளக் பாயிண்ட்டுக்குப் போனது. இரண்டு பக்கமும் பிடுங்கினேன். கட்டிலை மூவரும் நகர்த்தினோம். கம்பளத்தைத் தூக்கினேன்.

கட்டில் கால் அழுத்திய இடத்தில் வயரின் வெள்ளைத் தோல் பழுப்பாகி உருகி ஒழுகியிருந்தது. உள்ளே இரண்டு செப்புக் கம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. கம்பளத்தின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. மேல்பக்கம் ஒன்றுமே இல்லை. அதே நீலப் பூ, அதே வெள்ளைக் கோடு. தினமும் காலையில் என் மகள் கால் வைத்து இறங்கும் இடம்.

"யாருங்க இத இதுக்கு அடியில விட்டது?" என்றாள் மனைவி.

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவ தடுக்கி விழுந்துடக் கூடாதேன்னு" என்றேன்.

ஹீட்டரை வாங்கியதும் நான்தான். அவளுடைய அறை வடக்குப் பக்கம், அவளுக்குச் சளி பிடித்துவிடுமே என்று. சுவரில் நேராகச் செருகாமல் வேறு வயர் கொடுக்கக் கூடாது என்று அந்த ஹீட்டரின் வயரிலேயே ஒரு சீட்டுத் தொங்கியது. உலகத்தில் இருக்கும் எச்சரிக்கையையெல்லாம் படிப்பவன் அதை எப்படிப் படிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. குளிரைப் பார்த்தேன், அவள் கால் தடுக்குவதைப் பார்த்தேன். அவளைக் காப்பாற்ற நான் செய்த இரண்டு காரியங்களும் ஒரு கம்பளத்துக்கு அடியில் சந்தித்துக்கொண்டதைப் பார்க்கவில்லை.

"வெய்ட்" என்றாள் மகள். "நான் ட்ரிப் ஆகக் கூடாதுன்னு, யூ ஆல்மோஸ்ட் செட் மை ரூம் ஆன் ஃபயர்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஈரமுடி என் தோளில் பட்டது.

பிறந்தநாளுக்கு அவளை மனைவிதான் காரில் கூட்டிப்போனாள். கிளம்பும் முன்பு மனைவி என் பைக்குள் கைவிட்டு அந்தப் பச்சை ஃபியூஸை எடுத்தாள். நேராகக் குப்பையில் போட்டாள்.

பச்சை முன்பே அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்ட எலக்ட்ரீஷியன்கள் யாராலும் எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கம்பிகள் தொட்ட கணத்தில் அதுவும் போயிருக்கும் என்கிறார்கள். தொடுவதற்கு முன்பு இன்னும் எவ்வளவு சூட்டை அது அனுமதித்திருக்கும், சுவருக்குள் இருக்கும் வயர் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாடியின் வயரிங்கை மாற்றி, பழைய பெட்டியைக் கழற்றி பிரேக்கர் வைக்கும் வரை மகள் ஹாலில் சோபாவில் படுத்தாள். இப்போது அவளுடைய அறைக்குத் தனி பிரேக்கர். ஹீட்டர் இல்லை, கனமான ரஜாய்ப் போர்வை இருக்கிறது. கம்பளமும் இல்லை. அவள் பள்ளிக்குப் போன பிறகு நான் அந்த அறைக்குள் வெறுங்காலோடு நடந்து பார்க்கிறேன், தரை எங்காவது சூடாக இருக்கிறதா என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் பழக்கத்தில் மேலிருந்து கத்தினாள்.

"அப்பா, போடட்டுமா?"

இப்போது கேட்கத் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"போடு" என்றேன்.

டிரையர் ஓடியது. விளக்கு அணையவில்லை. சத்தம் நின்றதும் மறுபடியும் அவள் குரல்.

"ஆர் யூ ஸ்டாண்டிங் பை த ஸ்டேர்ஸ்?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியின் கைப்பிடியை விட்டு நகர்ந்து போய் உட்கார்ந்தேன்.