சாட்சிக்குப் போன வளவன்

சங்ககிரியில் லாரிகளுக்கு லைட் வயரிங் பார்க்கிற வளவனுக்கு, கேட்காமலேயே இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கணையத்தில் கட்டி என்றாலும் அவனைக் கூட்டிப்போய்க் கட்டிலருகே நிறுத்துவார்கள். “பாருங்க, இவனுக்கும் இதே சீக்குத்தான். ஏழு வருசமாச்சு, கல்லாட்டம் நிக்கறான்” என்பார்கள். அவனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் சாவுக்குப் பயந்தவர் முகம் தன்னைப் பார்த்துத் தெளியும்போது, வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவன் பட்டதும் கொஞ்சமல்ல. விடிகாலையில் வெறும் வயிற்றில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், வாய் குழறும். குடித்திருக்கிறான் என்று பாதி ஊர் சொன்னது. மீதி ஊர் காத்துக்கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியது. கடைசியில் பார்த்தால் கணையத்தின் வால்பக்கம் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு இன்சுலினை வரைமுறையில்லாமல் சுரந்து, உடம்பின் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருந்தது. அறுத்து எடுத்தார்கள். ஈரலுக்குப் பரவி மிஞ்சிய சின்னப் பொட்டுகள் வளராமல் இருக்க மாதாமாதம் ஊசி. மற்றபடி அவன் நன்றாகத்தான் இருந்தான்.

பக்கத்துத் தார்ப்பாய்க் கடைச் செல்லமுத்துவுக்கு வந்த விதமே வேறு. புதிதாகச் சர்க்கரை வந்தது, முதுகு வலித்தது, ஆள் இளைத்தார். “தொந்தி கரைஞ்சு எளவட்டமாயிட்டீங்க” என்று வளவனே கேலி செய்தான். பிறகு வலியே இல்லாமல் கண் மஞ்சளானது. காமாலைதானே என்று வாழப்பாடிப் பக்கம் போய்க் கீழாநெல்லி வாங்கிக் குடித்து, உப்பில்லாமல் தின்று, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணையத்தின் தலைப்பக்கத்துக் கட்டி பித்தக்குழாயை நெரித்து, ரத்தக்குழாய்களைச் சுற்றி, ஈரலுக்கும் தாவியிருந்தது. அறுக்க வழியில்லை. பித்தம் இறங்க ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள்.

குழாய் வைத்ததும் மஞ்சள் இறங்கியது, பசி எடுத்தது. பாழாய்ப்போன நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது.

ஊசிக்குப் போனபோது செல்லமுத்துவின் ரிப்போர்ட்டைத் தன் டாக்டரிடம் காட்டினான் வளவன். “உங்களுக்கு வந்தது ஹார்மோன் சுரக்கற செல்லுல. மெதுவா வளரும். இது கணையச் சாறு போற குழாயோட உள்பக்கத்துல ஆரம்பிச்சது. தெரியறதுக்குள்ள பரவிடும். இடந்தான் ஒண்ணு, நோய் வேற” என்றார் அவர். “எத்தனை நாளுங்க?” என்று கேட்டான். “வீட்டுல ஏதாச்சும் நல்ல காரியம் இருந்தா தள்ளிப் போட வேண்டாம்” என்றார்.

நல்ல காரியம் இருந்தது. ஆவணியில் செல்லமுத்துவின் ஒரே மகள் மலர்விழிக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள்.

சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனான். வாசலிலேயே செல்லமுத்துவின் மனைவி அத்தாயி கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, பயமுறுத்தற மாதிரி ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க சாமி. உங்களப் பாத்த தெம்புலதான் ரெண்டு இட்லி திங்கறாரு.”

உள்ளே செல்லமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “ஏந்தம்பி, உனக்கும் இதேதான?”

வளவன் அத்தாயியைப் பார்த்தான். “ஆமாங்ண்ணா” என்றான்.

“அப்பறமென்ன! குச்சி ஊனிக்கிட்டா பந்தல்ல நிக்கறது? கண்ணாலத்தத் தையில வெச்சுக்கலாம். உன்னாட்ட நானும் எந்திரிச்சு வந்தர்றேன்.”

“ஆவணியிலயே வெச்சரலாமுங்ண்ணா, எல்லாந்தான் தயாரா இருக்குதே” என்று இழுத்தான் வளவன்.

“ஏன், தைக்குள்ள நான் செத்தா போயிருவேன்?” என்று சிரித்தார் அவர். அத்தாயியும் சிரித்தாள். இரண்டு பேரும் இவன் முகத்தையே பார்த்தார்கள். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு அவனும் சிரித்து வைத்தான்.

ஐப்பசியில் செல்லமுத்து போய்ச் சேர்ந்தார். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர்கள் மலர்விழியிடம் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார்கள். சவத்தை எடுத்துப்போய்த் திரும்பிய பிறகு, சாவுப் பந்தல் ஓரத்தில் நின்ற வளவனிடம் அவள் வந்தாள்.

“அப்பாவுக்கு வந்தது வேறன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா, சித்தப்பா?”

“தெரியுஞ் சாமி.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான்.

“ஆவணியிலயே வெச்சிருந்தா எங்கப்பா பாத்திருப்பாருங்களே” என்றாள்.