கடித்துக் காட்டுகிற தொழில்

கச்சாங் பூத்தே விற்கிறவனுக்கு நல்ல குரல் வேண்டாம், நல்ல முகம் வேண்டாம். நல்ல பல் வேண்டும்.

கடலை, முறுக்கு, பக்கோடா, பொரித்த பட்டாணி எல்லாம் சேர்ந்ததுதான் கச்சாங் பூத்தே. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நாங்கள் விற்ற காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாங்க வருகிறவர் "மொறுமொறுன்னு இருக்கா?" என்று கேட்பார். அதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது. டின்னிலிருந்து ஒன்றை எடுத்து, அவர் காதில் விழுகிற மாதிரி கடிக்க வேண்டும். 'கடக்' என்று கேட்டால் பொட்டலம் போகும். கேட்காவிட்டால் ஆள் போய்விடுவார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டுதான் நான் பல்லை இழந்தேன். உங்களுக்கும் பல்லோ, மாத்திரையோ, வாங்க வருகிறவர்களோ தொல்லை கொடுத்திருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்கள் போய் வேலையைப் பாருங்கள்.

சாவியும் கரண்டியும்

அதற்கு முன்னால் நான் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், அதாவது மரப்பட்டையைக் கத்தியால் கீறிப் பால் இறக்குகிற வேலை. எழுபதுகளின் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவன், வலிப்பு வந்து விழுந்தேன். அதுதான் முதல் தடவை. கண் திறந்தபோது கையில் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது நம்மவர்கள் சட்டம். அதோடு விட்டிருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதே என்று பக்கத்து வீட்டு மாரிமுத்து என் வாய்க்குள் சோற்றுக் கரண்டியைத் திணித்திருந்தான். கனமான கரண்டி. முன்பல் இரண்டும் அதோடு வந்துவிட்டன.

அவனைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். ரத்தம்தான் வந்தது. அவனோ பெரிய காரியம் முடித்தவன் மாதிரி நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

"பல்லு போனா போவுதுண்ணே, நாக்கு பத்திரமா இருக்கு பாருங்க. திட்டறதுக்கு அதுதானே வேணும்?"

டாக்டர் கேட்ட கேள்வி

கத்தியைத் தொடாதே என்றார் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸர். தோட்டத்தில் மரம் வெட்டக் கத்தி, புல் வெட்டவும் கத்தி. வேலை போயிற்று. ஈப்போவுக்கு வந்தேன். லாரி ஓட்டக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பக்கம் நிற்கக் கூடாது. மிச்சமிருந்தது விற்கிற வேலை ஒன்றுதான். புந்தோங்கில் அஞ்சலையக்கா என்று ஒருவர். அவர் வீட்டில் பொரிப்பார், வண்டியும் கொடுப்பார். நான் அதைத் தள்ளிக்கொண்டு போய் சினிமாக் கொட்டகை வாசலில் விற்பேன்.

மாத்திரை தினமும் தவறாமல். வலிப்பு அடங்கியது. ஈறு வளர ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். மழைக்குப் பிறகு புல் வளர்வது மாதிரி வளர்ந்து பல்லை மூடியது. ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. அடியில் சீழ் கட்டி, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. வருடக்கணக்கில் இதே கதை. மாத்திரை செய்கிற வேலை இது என்று தெரிந்ததும், அங்கிருந்த தமிழ் டாக்டரிடம் போய் மாத்திரையை நிறுத்துங்கள் என்று சண்டை போட்டேன். சின்ன வயசு டாக்டர். நான் கத்தி முடித்ததும் என் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். வேறு மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம், ஆனால் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்றார். ஏன் என்றேன்.

"ஐயா, பல்லு இல்லாட்டி கஞ்சி குடிக்கலாம். நடு ரோட்டுல விழுந்து தலை போச்சுன்னா எதைக் குடிப்பீங்க?"

ஊமைக் கடலை

எண்பதுகள் வந்தபோது பாதி வாய் காலி. முன்னால் ஒன்றும் இல்லை, கடைவாயிலும் இல்லை. "மொறுமொறுன்னு இருக்கா?" என்று கேட்டால் கடலையை வாயில் போடுவேன். அது ஊறும். சத்தம் வராது. வந்தவர்கள் என் தாடையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு அடுத்த வண்டிக்குப் போவார்கள். டின் பாதி தீராமலே அக்கா வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. கத்தி போயிற்று, லாரி போயிற்று, சட்டி போயிற்று. இந்த வண்டியும் போனால் எனக்கென்று வேறு வேலை கிடையாது.

நீங்களே கடித்துப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு படம் பார்க்க வருகிற ஒருவர், கடித்தார். நன்றாகவே சத்தம் கேட்டது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா விக்கிறவரே திங்காத சாமானை நான் எப்படிண்ணே பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கிறது?"

இரவல் பல்

என் வண்டிக்குப் பக்கத்தில் செண்டோல் என்கிற குளிர்ந்த தேங்காய்ப்பால் பானம் விற்றவர் காசிம் பாய். என்னைவிட இளையவர், வரிசையான பல். என் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, "நான் கடிக்கிறேண்ணே" என்றார். யாராவது கேட்டால் நான் ஒரு கடலையை அவரிடம் நீட்டுவேன். பாய் கடிப்பார். தெருக்கோடிவரை கேட்கும். ஜனங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. கடலையும் போயிற்று, கடலை தின்றவர்களுக்குத் தாகம் எடுத்து அவருடைய செண்டோலும் போயிற்று.

ஒரு நாள் வழக்கம்போல நீட்டினேன். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நோன்பு மாதம் பிறந்துவிட்டது. எனக்கு நினைவே இல்லை.

"என் பல்லு உங்களுக்குத்தாண்ணே, இல்லேங்கல. ஆனா இந்த மாசம் மட்டும் பொழுது சாயறவரைக்கும் அது அல்லாவுக்கு."

வாளி

டவுனில் ஒரு சீனர் கடை. வாசலில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வரிசையாகப் பல் செட்டுகள், எல்லாம் சிரித்துக்கொண்டு. அவர் டாக்டர் இல்லை, பல் கட்டுகிறவர். மெழுகைக் கடிக்கச் சொல்லி அளவெடுத்தார். மலிவாக ஒரு செட் கொடுத்தார், கழற்றி மாட்டுவது. கடலையைக் கடித்தால் கடலை ஒரு பக்கம் போகும், செட் ஒரு பக்கம் போகும். இருந்தாலும் ஏதோ ஒரு சத்தம் வந்தது. வியாபாரம் கொஞ்சம் தலைதூக்கியது.

மருந்தை மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு சாயங்காலம் வண்டி ஓரத்திலேயே வலிப்பு வந்துவிட்டது. செட் இரண்டாக உடைந்து ஒரு துண்டு தொண்டைப் பக்கம் நழுவியது. பாய்தான் என்னை ஒருக்களித்துப் புரட்டி, விரலை விட்டு எடுத்திருக்கிறார். எனக்கு நினைவு வந்தபோது அவர் துண்டுகளை ஒரு வாளியில் அலசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம். கையில் செண்டோல் கிண்ணத்தோடு சிலர், குடிப்பதா வேண்டாமா என்று நின்றார்கள். பாய் என் காதருகே குனிந்தார்.

"உயிரோட இருக்கீங்களா? நல்லது. இப்ப எந்திரிச்சு உக்காந்து, இது நான் கை கழுவற வாளி, செண்டோல் வாளி இல்லைன்னு இவங்ககிட்ட சத்தமா சொல்லுங்கண்ணே."

தா போலே

உடைந்த செட்டை எடுத்துக்கொண்டு உண்மையான பல் டாக்டரிடம் போனேன். சீனப் பெண்மணி. சிடுசிடுப்பு. எனக்குப் பிடித்திருந்தது. செட்டை ஒரு தடவை பார்த்தார், குப்பையில் போட்டார். "தா போலே" என்றார். கூடவே கூடாது. வலிப்புக்காரன் வாயில் கழற்றுகிற பல் இருந்தால் அது ஒரு நாள் மூச்சை அடைக்கும். மிச்சமிருக்கிற பற்களில் நல்லதாகச் சிலவற்றைச் சீவித் தூண் மாதிரி வைத்துக்கொண்டு, கழற்ற முடியாத பல்லாகப் பதிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஈறைச் சரிசெய்ய வேண்டும், அழுகிய வேரை எடுக்க வேண்டும். விலையைச் சொன்னார். என் வண்டி, டின், டின்னுக்குள் இருக்கிற கடலை எல்லாவற்றையும் விற்றாலும் கீழ் வரிசைக்கே போதாது.

நான் எழுந்தேன். உட்கார் என்றார். தன் கூலியை விட்டுவிடுவதாகச் சொன்னார். ஆனால் பல்லைச் செய்து கொடுப்பது வேறு இடம், அவர்கள் காசை விட மாட்டார்கள். சரி, கடலை கடிக்கிற அளவுக்குக் கொஞ்சமாகப் போட்டால் என்ன ஆகும் என்று பேரம் பேசினேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"நான் சோறு திங்கப் பல்லு வைக்கிற டாக்டர், அங்கிள். கடலை கடிக்கப் பல்லு வேணும்னா பட்டறைக்குப் போ."

மரமே இல்லை

உதவி கேட்டுப் புறப்பட்டேன். கேட்டுப் பழக்கமில்லாதவன். சிலிபினில் ஒரு கோயில் தலைவர் மரியாதையாக உட்கார வைத்து டீயும் ரொட்டியும் கொடுத்தார். ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றேன். அன்னதானத்துக்குப் பணம் எடுக்கலாம், பல்லுக்கு எடுக்கச் சங்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். தொகுதி ஆபீஸில் சாக்கடை, தெருவிளக்கு என்றால் உடனே பார்க்கலாம் என்றார்கள்.

கடைசியாகப் பழைய தோட்டத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்தபோது வந்த வியாதி, ஏதாவது வழி இருக்காதா என்று. பஸ்ஸை விட்டு இறங்கினால் தோட்டத்தைக் காணோம். வீடு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். சிவப்பு மண்ணும் புல்டோசரும். ஆபீஸ் கட்டடம் மட்டும் நின்றது, உள்ளே கணக்கெழுதுகிற பழைய கிராணி. நான் வாயைத் திறந்து காட்டினேன். அவர் ஜன்னலைத் திறந்து காட்டினார்.

"இங்க மரமே இல்லை, நீ பல்லு கேட்டு வந்திருக்க. அடுத்த மாசம் நான் எங்க போறதுன்னே தெரியல. வா, டீ குடிப்போம்."

டயரும் பல்லும்

வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அஞ்சலையக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பக்கோடா போட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. எங்கெல்லாம் கேட்டாய் என்றார். சொன்னேன். "எங்கிட்ட கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. தெரியாதவர்களிடம் வாயைத் திறந்து காட்டிவிடலாம். தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் முடியாது. பட்டவர்களுக்குத் தெரியும்.

கச்சாங் பூத்தே விற்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவனுடைய வண்டி உடைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் சரக்கோடு அவனுடைய டின் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போய் விற்று, காசை அவனிடம் கொடுப்பார்கள். வண்டி சரியாகும்வரை. கல்யாணம், கருமாதி எதற்கும் கிடையாது; வண்டிக்கு மட்டும். அக்கா அன்று சாயங்காலமே எல்லாரையும் கூப்பிட்டு என் டின்களைத் திண்ணையில் அடுக்கி வைத்தார். ஒருவன் தலையைச் சொறிந்தான். "உடைஞ்சது வண்டி இல்லையேக்கா, பல்லுதானே?" நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அக்கா சாரணிக் கரண்டியைச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

"டயரு போனா வண்டி ஓடாது, பல்லு போனா கடலை ஓடாது. ரெண்டும் தொழில் சாமான்தான்லா. டின்னைத் தூக்குங்கடா."

முதல் கடி

பல மாதம் தூக்கினார்கள். ஒருவனும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் காசில் பல் வந்தது. டாக்டர் அம்மா பதித்து முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். யாரோ ஒரு கிழவன் பல்லோடு இருந்தான். கெட்டியானது எதையும் கடிக்கக் கூடாது, கடலை கூடவே கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே கொட்டகை வாசலில் நின்றேன். புருஷனை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார், நான் பார்த்திராத முகம். "மொறுமொறுன்னு இருக்காண்ணே?" முறுக்கை எடுத்திருக்கலாம். ஓமப்பொடியை எடுத்திருக்கலாம். என் கை கடலைக்குத்தான் போயிற்று. கடித்தேன். 'கடக்'. பாய் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். நானும் அசையவில்லை. உடைந்தது கடலையா, அத்தனை பேர் டின் தூக்கிக் கட்டிய பல்லா என்று எனக்கே தெரியவில்லை. நாக்கால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் இருந்த இடத்தில் இருந்தன. கடலைதான். விழுங்கினேன். அந்த அம்மா மார்பில் வைத்த கையை எடுத்தார்.

"ரெண்டு பொட்டலம் கட்டுங்கண்ணே. அடுத்த வாட்டி நாங்களே கடிச்சுப் பாத்துக்கறோம், நீங்க கடிக்காதீங்க, பாக்கிற எங்களுக்கு நெஞ்சு நின்னுடும் போலிருக்கு."

பல் இல்லாதபோது கடித்துக் காட்டு என்றதும் பல் வந்தபின் கடிக்காதே என்றதும் ஒரே ஜனங்கள்தான். என்ன செய்வது, கடலை வாங்க வேறு ஜனங்கள் ஈப்போவில் கிடையாது.